ஆத்தோரத் தோட்டம், மோட்டார், பரிசல்: வெள்ளம் வர்றதுக்கு முன்னாடி என்னென்ன பண்ணணும், எந்த வரிசையில பண்ணணும்

தென்பெண்ணை ஓரத்துலயோ காவிரி ஓரத்துலயோ ஏரிக்கரைக்குக் கீழயோ நிலம் வச்சிருக்கறவங்களுக்குத்தான் இது. முக்கியமா கடந்த சில வருஷத்துல ஓசூர், பெங்களூர் பக்கத்துலருந்து வந்து காவேரிப்பட்டணம், இருமத்தூர், அனுமன்தீர்த்தம் பக்கம் ஆத்தோரமா நிலம் வாங்கினவங்களுக்கு. வருஷா வருஷம் ஒரே தப்புதான் பாக்கறேன், எல்லாத்தையும் நல்லா இறுக்கி கட்டி வச்சுட்டு வீட்டுக்குப் போயிடறாங்க. வெள்ளத்துக்கு கட்டு ஒரு பொருட்டே இல்ல. கழட்டணும், மேல ஏத்தணும், ஏத்தவே முடியாததை மட்டும்தான் கட்டணும்.

1. மொதல்ல உங்க ஆறு எதுன்னு பாத்து தேதிய முடிவு பண்ணுங்க

தருமபுரி மாவட்டம்னு ஒரே பேரா சொன்னாலும் ரெண்டு ஆத்துக்கும் ரெண்டு காலண்டர். ஒகேனக்கல், ஊட்டமலை, நாகமரை பக்கம்னா வெள்ளம் ஆடி ஆவணியிலயே வந்துடும், ஏன்னா அது நம்ம மழை இல்ல, குடகுலயும் வயநாட்டுலயும் பேய்ஞ்சு கர்நாடகாவுல கபினி அணையும் கேஆர்எஸ் அணையும் ரொம்பி திறந்து விடற தண்ணி. அந்தப் பக்கத்துக்காரங்க வைகாசி கடைசிக்குள்ள வேலைய முடிச்சிடணும்.

தென்பெண்ணை அப்படி இல்ல. அது நந்தி மலையில பொறந்து பெங்களூர் ஓரமா வந்து கெலவரப்பள்ளி, அப்புறம் கிருஷ்ணகிரி அணைன்னு இறங்குது. செப்டம்பர்ல பெங்களூர்ல மழை பிடிச்சாலே இங்க தண்ணி ஏறும், அதுக்கு மேல ஐப்பசி கார்த்திகையில நம்ம மழையும் புயலும் சேரும். அதனால ஆவணி கடைசியில ஆரம்பிச்சு பொரட்டாசி பாதிக்குள்ள முடிக்கணும். வடகிழக்குப் பருவமழை சாதாரணமா அக்டோபர் 20 வாக்குலதான் ஆரம்பிக்கும், அதுவரைக்கும் டைம் இருக்குன்னு நினைக்கறவங்கதான் சேத்துல நின்னுகிட்டு போல்ட் கழட்டறாங்க.

மேட்டூர் அணையோட பின்பக்கத் தண்ணி ஓரத்துல இருக்கறவங்க கதை வேற. அங்க தண்ணி அடிச்சிட்டு வராது, நைஸா ஏறும். அணை 120 அடிய நெருங்கறப்ப நேத்து கடலைக்கொடி இருந்த இடத்துல இன்னிக்கு தண்ணி நிக்கும். அங்க வேகம் தேவையில்ல, தினமும் போய் ஒரு தடவ பாக்கற பழக்கம்தான் தேவை.

2. தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு ஒரு கோடு

இத பண்ணாம மத்த எதையும் ஆரம்பிக்காதீங்க, ஏன்னா "மேல ஏத்தி வை"ன்னா எவ்ளோ மேலன்னு தெரியணும்ல. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரைக் கூட்டிட்டு வந்து காட்டச் சொல்லுங்க. ஆள் இல்லன்னா வேலிமுள்ளுலயும் கருவேலத்துலயும் பாருங்க, பிளாஸ்டிக் கவரும் காஞ்ச சருகும் ஒரே மட்டத்துல சிக்கித் தொங்கும், அதுதான் போன வெள்ளம்.

எந்த வருஷத்து வெள்ளம்னு கேட்டுக்கோங்க. 2024 டிசம்பர் தொடக்கத்துல ஃபெஞ்சல் புயலுக்கு ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 செ.மீ., அரூர்ல 33 செ.மீ. கொட்டுச்சு. அந்தப் பக்கத்துக்காரங்க அந்த மட்டத்ததான் எடுத்துக்கணும், சாதாரண வருஷத்து மட்டம் உதவாது. ஷெட் சுவத்துல, பெரிய புளியமரத்துல, நாலு இடத்துல செவப்பு பெயின்ட்ல கோடு போடுங்க. அதுக்கு மேல இன்னும் ஒரு மூணு அடி விட்டு இன்னொரு கோடு. இனி சொல்ற எல்லாத்துலயும் "கோட்டுக்கு மேல"ன்னா அந்த ரெண்டாவது கோடுதான்.

3. கையில இருக்க வேண்டிய சாமான்

பாதி வேலையில கடைக்கு ஓடற மாதிரி வச்சுக்காதீங்க. நல்ல நைலான் கயிறு, செயின் பிளாக் (வெயிட் தூக்கற சங்கிலி கப்பி), ரெண்டு பைப் ரெஞ்ச் (ஒண்ணுல பிடிச்சு ஒண்ணுல திருப்பணும், ஒண்ணே ஒண்ணு வச்சு திருப்பினா பைப்தான் முறுக்கும்), ஸ்பேனர் செட், கிரீஸ், தொரு விடற ஸ்பிரே, செவப்பு மஞ்சள் நீலம் மூணு கலர் இன்சுலேஷன் டேப், காலி சிமெண்ட் மூட்டை, தார்ப்பாய், தலையில மாட்டற டார்ச். போல்ட்டுல தொரு விடற ஸ்பிரேய மொத நாள் சாயங்காலமே அடிச்சு விட்டுட்டா மறுநாள் பாதி சண்டை கிடையாது.

4. கரண்ட்டுதான் மொத வேலை

மோட்டார் மேல கை வைக்கறதுக்கு முன்னாடி கரண்ட்ட எடுக்கணும். மெயின ஆஃப் பண்ணினா மட்டும் போதாது, ஃபியூஸ் கேரியர மூணையும் உருவி உங்க பாக்கெட்டுல போட்டுக்கோங்க. நீங்க கெணத்துக்குள்ள இருக்கறப்ப "கரண்ட் வந்துடுச்சே, மோட்டார் ஓடலையே"ன்னு யாராவது நல்ல மனசுல போய் சுவிட்ச்ச போட்டுடுவாங்க.

ஒயர கழட்டறதுக்கு முன்னாடி எந்த ஒயர் எந்த டெர்மினல்னு கலர் டேப் சுத்தி, போனுல ஒரு போட்டோவும் எடுத்துக்கோங்க. மூணு ஃபேஸ்ல ரெண்டு மாறினாலே மோட்டார் தலைகீழா சுத்தும். சத்தம் எல்லாம் சரியா வரும் ஆனா தண்ணி ஏறாது, புதுசா வந்தவங்க ஃபுட் வால்வுதான் (உறிஞ்சற ஹோஸ் நுனியில தண்ணி திரும்பிப் போகாம தடுக்கற வால்வு) போச்சுன்னு நினைச்சு அதைப் பிரிச்சுகிட்டு இருப்பாங்க.

ஸ்டார்ட்டர் பெட்டிய கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டு போயிடுங்க. கொஞ்சம் திறந்து பாருங்க, கான்டாக்டர் நடுவுல பல்லி செத்து ஒட்டியிருக்கும், எறும்பு மண்ணு கட்டியிருக்கும், கிளீன் பண்ண இதுதான் நேரம். மீட்டர் பெட்டி கோட்டுக்குக் கீழ இருந்தா அத நீங்களா நகத்தக் கூடாது, சீல் இருக்கு. மின்வாரிய ஆபீஸ்ல எழுதிக் கொடுத்து ஏத்தி வைக்கச் சொல்லுங்க. நாள் ஆகும், அதனாலதான் இத ஆரம்பத்துலயே பண்ணச் சொல்றேன்.

5. மோட்டாரைத் தூக்கறது

கரையில உக்காந்திருக்கற மோனோபிளாக்னா (மோட்டாரும் பம்பும் ஒண்ணா இருக்கறது) இந்த வரிசை. டெலிவரி வால்வ மூடுங்க, இல்லன்னா மேட்டுல பைப்புல நிக்கற தண்ணி மொத்தமும் உங்க மேல திரும்பி வரும். அப்புறம் பம்பு கேசிங் அடியில இருக்கற ட்ரெயின் பிளக்க (தண்ணி வெளிய விடற மூடிய) கழட்டி உள்ள இருக்கற தண்ணிய விடுங்க. சக்ஷன் ஹோஸ், டெலிவரி ஃபிளாஞ்ச், கடைசியா அடி போல்ட். அடி போல்ட்ட மொதல்ல கழட்டினா மோட்டார் மொத்த வெயிட்டும் பைப்புல தொங்கும், ஃபிளாஞ்ச் விரிசல் விட்டுடும். கழட்டின போல்ட் நட்ட அந்தந்த ஓட்டையிலயே திருப்பி மாட்டி விட்டுடுங்க, டப்பாவுல போட்டு வச்ச போல்ட் எவனுக்கும் திரும்பக் கிடைச்சதில்ல.

சக்ஷன் ஹோஸ தண்ணிக்குள்ளயே விட்டுட்டு மோட்டார மட்டும் தூக்கறவங்க நிறைய பேர். ஹோஸ் நுனியில ஃபுட் வால்வு இருக்கு, வெள்ளத்துல மணலும் நாரும் போய் அந்த நாக்கு மூடாமலே நின்னுடும், அப்புறம் எத்தன கொடம் தண்ணி ஊத்தினாலும் பிரைமிங் (மோட்டார் இழுக்கறதுக்கு முன்னாடி உள்ள ஊத்தி ரொப்பற தண்ணி) நிக்காது. ஹோஸையும் இழுத்து மேல போடுங்க, ஃபுட் வால்வ பிரிச்சு உள்ள வாஷர் தோல் நல்லா இருக்கான்னு விரலால தடவிப் பாருங்க, ஓரம் கல்லு மாதிரி கெட்டியா இருந்தா மாத்திடுங்க, சில்லறைக் காசு.

கெணத்துல இறக்கின ஓப்பன்வெல் மோட்டார செயின் போட்டுத்தான் தூக்கணும். கேபிள பிடிச்சு இழுக்கவே கூடாது, உள்ள ஜாயின்ட் விட்டுப்போறது வெளிய தெரியாது, அடுத்த தடவ தண்ணியில இறக்கினப்புறம்தான் தெரியும்.

போர்வெல் சப்மெர்சிபிள தூக்க வேண்டாம். ஆனா கேசிங் பைப் வாய் கோட்டுக்குக் கீழ இருக்கான்னு பாருங்க. இருந்தா ஒரு துண்டு பைப்ப ஒட்டி ஒசத்தி, மேல கேப் போட்டு, கேபிள் வர்ற ஓட்டைய அடைச்சிடணும். வெள்ளத் தண்ணி ஒரு ராத்திரி போருக்குள்ள இறங்கினா வண்டல் போய் மோட்டார புதைச்சிடும். மத்ததெல்லாம் ரிப்பேர் பண்ணலாம், போர் தூர்ந்தா புதுசாத்தான் போடணும், அதனால ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்குன்னா நான் இதத்தான் பண்ணச் சொல்லுவேன்.

6. பைப், சொட்டுநீர், வேலி

தண்ணி ஓட்டத்துக்குக் குறுக்க இருக்கற எதுவும் நிக்காது. பைப்போ வேலியோ தானா உடையறதில்ல, அதுல சிக்கற மரக்கிளை, வாழைத்தண்டு, கோரைப்புல்லு எல்லாம் சேந்து ஒரு சுவரா மாறி, அந்தச் சுவர்தான் கம்பத்தோட பிடுங்கிட்டு போகுது. ஓட்டத்துக்குக் குறுக்க போற வேலியில கீழ இருக்கற கம்பிய அவுத்து சுருட்டி மேல கட்டிடுங்க. ஓட்டத்தோட போக்குலயே இருக்கற வேலிய தொட வேண்டியதில்ல.

சொட்டுநீர் லேட்டரல்ல (செடி வரிசையோட ஓடற சின்ன ட்யூப்) நுனி மூடிய திறந்து ஒரு தடவ நல்ல தண்ணி விட்டு கழுவி, அப்புறம் சுருட்டி மேட்டுல வைங்க. ஃபில்டர கழட்டி காய வைங்க. பூமிக்குள்ள இருக்கற பைப்போட வாய்க்கெல்லாம் மூடி போடுங்க, வண்டலுக்கு மட்டும் இல்ல, பாம்புக்கும்தான்.

7. பரிசலும் துறையும்

மூங்கில் பரிசலுக்கு தார் பூசணும்னா காயறதுக்கு நல்ல வெயில் வேணும், மேகம் மூடினப்புறம் பூசினா மேல தோல் மாதிரி காஞ்சு உள்ள ஈரம் நின்னுடும், முதல் சவாரியிலயே உரியும். அதனால ஒகேனக்கல் பக்கம்னா சித்திரை வெயில்லயே முடிச்சுடணும். பூசறதுக்கு முன்னாடி பின்னல தட்டிப் பாருங்க, உளுத்த பத்தைய மாத்தாம அதுக்கு மேல தார் பூசறது வெட்டி வேலை. ஃபைபர் பரிசல்னா கவுத்துப் போட்டு அடியில தண்ணி ஊத்தி விட்டா மயிர்க்கோடு மாதிரி விரிசல் ஈரம் பிடிச்சு கறுப்பா தெரியும்.

பத்திரப்படுத்தறப்ப கோட்டுக்கு மேல கொண்டுபோய், ரெண்டு கட்டை மேல கவுத்துப் போட்டு, மேல குறுக்கும் நெடுக்கும் கயிறு போட்டு வேர் பிடிச்ச மரத்துல கட்டுங்க. கட்டை எதுக்குன்னா, வெறும் தரையில கவுத்தா கரையான் ஏறும். கயிறு எதுக்குன்னா காத்து, கவுத்த பரிசல காத்து சும்மா சுழட்டி எடுத்துட்டு போயிடும். ஆத்தோரத்துல அடிச்ச முளையில கட்டாதீங்க, கரை இடியறப்ப முளையும் சேந்துதான் போகும்.

துடுப்ப பரிசல் கூட வைக்கவே கூடாது, வீட்டுக்கு எடுத்துட்டு போயிடுங்க. தண்ணி பெருகினா நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடும், அந்த நேரத்துலதான் பயலுகளுக்கு ஆசை வரும். "சும்மா அக்கரை வரைக்கும்ணா, இப்ப வந்துடறோம்"னு கேப்பாங்க, துடுப்பு இல்லன்னா கேக்க மாட்டாங்க.

இறங்கறதுக்கு பலகை போட்ட துறை வச்சிருந்தா பலகைய மட்டும் கழட்டிட்டு கம்பத்த விட்டுடுங்க, வெறும் கம்பத்துக்கு நடுவுல தண்ணி போயிடும். இதுக்காகவே பலகைய ஆணி அடிக்காம போல்ட் போட்டு வைக்கணும்.

நாகமரை, ஒட்டனூர் மாதிரி அணைத்தண்ணி ஓரத்துல படகையோ பரிசலையோ தண்ணியிலயே விட்டு வைக்கறவங்க கயிற குட்டையா கட்டாதீங்க. தண்ணி ஏற ஏற கயிறு ஒரு பக்கத்த கீழ இழுக்கும், பரிசல் சாஞ்சு ரொம்பிடும். நீளமா விட்டு தினமும் கட்டுத்தறிய மாத்துங்க.

8. கரை

கரையில இருக்கற நாணல், வெட்டிவேர், மூங்கில், புங்கன் எதையும் சுத்தம் பண்றேன்னு எடுத்துடாதீங்க. புதுசா நிலம் வாங்கினவங்க மொத வேலையா ஜேசிபி விட்டு ஆறு நல்லா தெரியற மாதிரி கரைய வழிச்சு விடறாங்க, அடுத்த வெள்ளத்துல அந்த இடம்தான் கடிபடுது. அந்த வேருதான் மண்ண பிடிச்சிருக்கு. இன்னொன்னு, அந்த எடம் பெரும்பாலும் ஆத்துப் புறம்போக்கு, உங்க பட்டாவுல இருக்காது.

மணல் மூட்டை போடறதுன்னா ஆத்து மணல அள்ளாதீங்க, கேஸ் ஆயிடும், தோட்டத்து மண்ணே போதும். மூட்டைய முக்கா பங்குக்கும் கம்மியாவே ரொப்பணும், அப்பத்தான் ஒண்ணோட ஒண்ணு அமுங்கி ஒக்காரும். தலகாணி மாதிரி உப்பலா ரொப்பி அடுக்கினா இடுக்கு பூரா தண்ணி வரும். செங்கல் வரிசை மாதிரி ஜாயின்ட் மாத்தி மாத்தி அடுக்குங்க. மூட்டை வெயில்ல கிடந்தா சில மாசத்துல பொடியா உதிர்ந்துடும், அதனால போன வருஷத்து மூட்டைய நம்பாதீங்க. சுவர் கட்டி தண்ணிய எதிர்க்கரைக்குத் தள்ளற வேலை வேண்டாம், அங்க இருக்கறவரும் ஒரு குடியானவர்தான்.

9. ஷெட்டுல எது மொதல்ல

பூச்சி மருந்து. யூரியா மூட்டை கரைஞ்சா காசு போச்சு அவ்ளோதான், மருந்து டப்பா தண்ணியில போனா கீழ இருக்கறவங்க கெணறு, மாடு குடிக்கற தண்ணி எல்லாம் போச்சு. அப்புறம் டீசல் கேன். கேஸ் சிலிண்டர் மிதக்கும், அதனால வீட்டுக்கு எடுத்துட்டு போயிடுங்க. காலி சின்டெக்ஸ் டேங்க்கும் மிதக்கும், அத எடுக்க முடியாதுன்னா ஃபுல்லா தண்ணி ரொப்பி விட்டுடுங்க, அதுவே அதுக்கு பாரம். பட்டா, சிட்டா, கரண்ட் பில் எல்லாம் ஷெட்டுல இருக்கவே கூடாத சாமான்.

10. மாடு, ஆடு

மேட்டுல ஒரு இடம், அங்க நாலு நாளைக்கு தீவனம், அங்க போற வழி, இது மூணையும் பகல்ல ஒரு தடவ மாட்ட ஓட்டிட்டுப் போய் பழக்கணும். பழகாத வழியில ராத்திரி மாடு தண்ணியில காலே வைக்காது. கட்டுத்தறி முடிச்ச ஒரே இழுப்புல அவுற மாதிரி போடுங்க. ஓட்டிட்டுப் போக நேரமே இல்லன்னா அவுத்து விட்டுடுங்க, மாடு நீஞ்சும், கட்டின மாடுதான் சாகும்.

11. எச்சரிக்கைய எப்படிப் படிக்கறது

கிருஷ்ணகிரி அணையோட முழு அளவு 52 அடி. 50 தாண்டுச்சுன்னா உள்ள வர்ற தண்ணி அப்படியே வெளிய போகப் போகுதுன்னு அர்த்தம், உங்க ஊர்ல வெயில் அடிச்சாலும் சரி. 2017 நவம்பர்ல அணையோட மதகு ஒண்ணு உடைஞ்சு தண்ணி வந்தத பாத்தவங்களுக்கு இது தெரியும். கன அடின்னா செகண்டுக்கு 28 லிட்டர் சொச்சம். ஆனா உங்களுக்கு வேண்டியது லிட்டர் கணக்கு இல்ல, எத்தன கன அடி விட்டா தண்ணி உங்க மோட்டார் மேடைய தொடுதுங்கறதுதான். ஒவ்வொரு தடவ திறக்கறப்பவும் நியூஸ்ல வர்ற நம்பரையும் உங்க கரையில தண்ணி நின்ன இடத்தையும் ஒரு நோட்டுல எழுதுங்க. ரெண்டு சீசன்ல உங்களுக்குன்னு ஒரு அளவுகோல் கிடைச்சிடும். காவிரிக்காரங்க இதே மாதிரி பிலிகுண்டுலு (காவிரி தமிழ்நாட்டுக்குள்ள நுழையற இடத்துல தண்ணிய அளக்கற இடம்) அளவ எழுதி வைக்கலாம்.

மேல் பக்கத்துல ஒருத்தர் நம்பர் கட்டாயம் வேணும். "ஏப்பா, இங்க நுரையோட செவப்பா வருது, மேல ஏறுங்க"ன்னு அவர் சொல்ற ஒரு போன், டிவி நியூஸுக்கு முன்னாடி வந்து சேரும். மாவட்ட கன்ட்ரோல் ரூம் 1077. தண்ணி வந்தப்புறம் ஞாபகம் வர்ற எந்தச் சாமானுக்காகவும் இறங்காதீங்க, மோட்டாருக்காக இறங்கறவங்கதான் ஜாஸ்தி.

12. தண்ணி வடிஞ்சப்புறம்

ஆறு இறங்கினதும் கரை ஓரத்துல போய் நின்னு வேடிக்கை பாக்கறது இருக்கே, அதுதான் ஆபத்து. மண்ணு பூரா தண்ணி குடிச்சு கனமா இருக்கும், முன்னாடி அத தாங்கிட்டு இருந்த ஆத்துத் தண்ணி இறங்கிடுச்சு, அதனால வெள்ளத்துல நின்ன கரை வெள்ளம் போனப்புறம் இடியும். கரைக்கு இணையா நீளமா வெடிப்பு தெரிஞ்சா அந்தப் பக்கம் யாரையும் விடாதீங்க.

ஷெட்டுக்குள்ள கையில குச்சியோட போங்க, மூட்டைக்கு அடியில பாம்பு ஒதுங்கியிருக்கும். அறுந்த ஒயர் கிடந்தா கிட்ட போகாம 94987 94987 மின்னகத்துக்கு (மின்வாரியத்தோட புகார் மையம்) சொல்லுங்க.

தூக்க முடியாம நனைஞ்ச மோட்டார ஓடுதான்னு டெஸ்ட் பண்ணிப் பாக்கவே கூடாது. ஒரு தடவ சுவிட்ச் போட்டா காயில் போச்சு, போடாம கடைக்கு எடுத்துட்டு போனா நல்ல தண்ணியில கழுவி, காய வச்சு, மெக்கர் (காயில்ல கரண்ட் கசியுதான்னு பாக்கற மீட்டர்) வச்சுப் பாத்து, வார்னிஷ் அடிச்சு பொழைக்க வச்சிடுவாங்க. வெளிய காஞ்சிருக்கேன்னு நம்பாதீங்க.

கெணத்துக்குள்ள வெள்ளம் போயிருந்தா கலங்கல மொத்தமா இறைச்சு தெளிஞ்ச தண்ணி ஊறினப்புறம்தான் பிளீச்சிங் பவுடர், சேத்துல போட்டா மருந்து சேத்துக்கே போயிடும். 1000 லிட்டருக்கு 2.5 கிராம் கணக்கு. 20 அடி விட்டம், 15 அடி தண்ணின்னா 10ஐ 10ஆல பெருக்கி, 3.14ஆல பெருக்கி, 15ஆல பெருக்கினா 4,710 கன அடி, அத 28.3ஆல பெருக்கினா சுமார் 1,33,000 லிட்டர், அதாவது 330 கிராம் சொச்சம். பக்கெட்டுல கரைச்சு சுண்ணாம்பு அடியில தங்கினதும் மேல் தண்ணிய மட்டும் பக்கெட்டோட கெணத்துக்குள்ள விட்டு மேலயும் கீழயும் நாலு தடவ அசைச்சு கலக்குங்க. குறைஞ்சது ஒரு மணி நேரம் விடணும், ராத்திரி போட்டு காலையில எடுக்கறது இன்னும் நல்லது. எடுக்கறப்ப லேசா குளோரின் வாசம் வரணும், வரலன்னா அளவு பத்தல, மறுபடி போடுங்க.